பார்க்கிறவன் குனியணும்

கெண்டியின் மூக்கைக் கோப்பை விளிம்பில்
டிங்கென்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான்
தேத்தண்ணி ஊற்றுவேன்.
கடையில் எல்லோருக்கும் பழகிவிட்டது.
புதிதாய் வந்த திலகேஸ்வரன் மட்டும்
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து
பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஒன்பது வயதில்
கவ்வாத்து வெட்டிய மலையில்
ஒரு கொப்பு வலது கண்ணைக் கேட்டது.
கொடுத்துவிட்டேன்.
மிச்சமுள்ள கண்ணுக்கு எல்லாம் தெரியும்,
எது எவ்வளவு தள்ளி என்பதைத் தவிர.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
இரண்டாம் மாடியில்
தட்டைப் படங்களுக்கு ஆழம் செய்வது
இப்போது என் தொழில்.
சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

"கீழ்ப்பிரிவு வொலிபோல் டீம் அக்கா.
படம் பலகை மாதிரி இருக்கு.
பந்து வெளிய வரணும்.
பாக்கிறவன் குனியணும்."

திறந்தேன்.
ஆறு பேர், தொய்ந்த ஒரு வலை.
நடுவில் எம்பியவனின் கை
பந்துக்கு ஒரு விரல் கீழே.
பின்னால் லயம்,
கொடியில் ஒரு சிவப்புத் துவாய்.

முதலில் வெட்டு.
முழங்கை வளைவில் புள்ளி, மணிக்கட்டில் புள்ளி,
விரல்களுக்கிடையே மட்டும் முக்கால் மணிநேரம்.
பிறகு வெள்ளைச் சட்டம் ஒன்று,
அடி அகலமாய், தலை குறுகலாய்,
சுவரில் சாய்த்து வைத்ததுபோல்.
கையும் பந்தும் சட்டத்துக்கு இந்தப் பக்கம்.
மற்றதெல்லாம் மாஸ்க்குக்குள்.

நிழல் போடாவிட்டால்
பந்து வெறும் ஸ்டிக்கர்.
எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் என்று
மென்பொருள் கேட்கிறது.
படத்தில் தேடினேன்.
ஒருவன் காலடியிலும் நிழல் இல்லை.
ஜூலை. மலை முழுக்க மூடுபனி.
வாரக்கணக்கில் இங்கே ஆட்கள்
நிழலில்லாமலே வேலைக்குப் போய் வருகிறார்கள்.
நூற்றிருபது பாகையில்
இல்லாத ஒரு சூரியனை வைத்தேன்.
இடது மேல் மூலை.
நல்ல வெயில்.

தூரத்தை உண்டாக்க
எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தால் போதும்:
கிட்டத்து மலை பச்சை,
அடுத்தது நீலம் கலந்த பச்சை,
அதற்கடுத்தது சாம்பல்,
அதற்கப்பால் மலை என்பது ஓர் ஊகம்.
ஒற்றைக் கண்காரிக்கு
லேயர் லேயராய்ப் பிரித்துக் கொடுப்பது
இந்தப் பனிதான்.

"லயத்த மங்கலாக்கிருங்க அக்கா.
தகரமெல்லாம் தெரியுது."
மங்கலாக்கிக்கொண்டே போகையில்
வாசலில் ஓர் உருவம்.
நானூறு வீதம் பெருப்பித்தேன்.
சதுரம் சதுரமாய் ஒரு பெண்,
சுட்டுவிரல் மேலே.
"யார் இது?"
"பக்கத்துக் காம்பரா ராக்கம்மா சின்னம்மா.
பந்து கூரையில படுதுன்னு
ஏசிக்கிட்டு நிக்குது."
"அழிக்கவா?"
ஹெல்மெட்டைக் கழற்றினான்.
தலையைச் சொறிந்தான்.
"அழிச்சா கண்டுபிடிச்சிரும்.
அதுக்கும் சேத்து ஏசும்."

லயம் கரைந்தது, தகரம் கரைந்தது,
துவாய்கூட ஒரு சிவப்பு மூச்சாய்ப் போயிற்று.
சின்னம்மாவை மட்டும்
கூர்மையாய் விட்டேன்,
பந்துக்கும் பனிக்கும் நடுவில்.

ஞாயிற்றுக்கிழமை
நோர்வூட் பஸ்ஸில் போய் இறங்கினேன்.
பிளெக்ஸ் சந்தியில் கட்டியிருந்தது.
ஒரு பையன் குனிந்தான்,
நிமிர்ந்து வெட்கப்பட்டான், மறுபடி குனிந்தான்.
கீழே ராக்கம்மா நின்று
தன்னையே பார்த்து ஏசிக்கொண்டிருந்தார்,
அதே விரல்.
எனக்கு எல்லாம் ஒரே தாளில்:
பிளெக்ஸ், கம்பம், சின்னம்மா, மலை.

"அக்கா!" என்று மைதானத்திலிருந்து யாரோ.
திரும்பினேன்.
வெள்ளையாய்ச் சின்னதாய் ஒரு வட்டம்.
பெருத்தது.
இன்னும் பெருத்தது.
எவ்வளவு கிட்டே என்று
கேட்க ஆளில்லை.

குனிந்தேன்.